சேகருக்கு, உத்தமபாளையத்திலிருந்து

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

இந்தத் தடவையாவது சட்டமன்றத் தேர்தலுக்குக் கட்சியில் சீட் கேட்கிறாயா என்று கேட்டிருக்கிறாய். கேட்கவில்லை. டெபாசிட் 10,000 ரூபாய்தான், பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் அதுவும் திரும்பி வந்துவிடும். வேட்பாளர் செலவு செய்யலாம் என்று தேர்தல் கமிஷன் சொல்வது 40 லட்சம். கணக்கில் வராத செலவைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. என்னால் முடிந்தது அந்தப் பத்தாயிரம் மட்டும்.

என்னைப் போல வக்கீலாக இருந்துதானே அவரும் வந்தார் என்று ராஜாஜியை வேறு இழுத்திருக்கிறாய். சேலத்தில் வக்கீல், 1917இல் நகராட்சித் தலைவர், 1937இல் சென்னை மாகாணத்துக்கே பிரதமர், இப்போதைய முதலமைச்சர் மாதிரி. சரிதான். ஆனால் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பிராக்டிஸையே விட்டவர் அவர். நான் விட்டால் குமாஸ்தாவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

சீட் இல்லாவிட்டாலும் வேலைக்குக் குறைவில்லை. வேட்புமனுவோடு சொத்து, வழக்கு விவரமெல்லாம் சொல்லி வைக்கும் பிரமாணப் பத்திரம், படிவம் 26 இருக்கிறதே, அதைப் பூர்த்தி செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு இடத்தைக் காலியாக விட்டாலும் மனு தள்ளுபடியாகலாம். போன தடவை நம் வேட்பாளரிடம் வீட்டம்மா நகை எத்தனை பவுன் என்று கேட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் சொன்னார். தன் மேல் எத்தனை வழக்கு நிலுவை என்பது அவருக்கே தெரியவில்லை. குமாஸ்தாதான் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார்.

மற்றபடி மறியல், ஜாமீன், வாய்தா. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறுக்காகக் கம்பம் பள்ளத்தாக்கே குமுளி ரோட்டில் திரண்டதே, அதில் மாட்டியவர்களுக்கு எத்தனை வக்காலத்து போட்டேன் என்று எண்ணவில்லை. ஒரு பைசா வாங்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. 2024 ஜூலையில் புதுக் குற்றச் சட்டம் வந்து, சட்டவிரோதமாகக் கூடினால் போடும் பிரிவு 143 இப்போது 189 ஆகிவிட்டது. நம் பையன்கள் இன்னும் "அண்ணே, 143 போட்டுட்டாங்க" என்றுதான் போன் செய்கிறார்கள்.

நடுவில் கொஞ்ச காலம் கூடுதல் அரசு வழக்கறிஞராக இருந்தேன், உனக்குத் தெரியும். ஆட்சி மாறியதும் வாசலில் போர்டும் மாறியது. அதில் வருத்தமில்லை, எல்லாக் கட்சியிலும் அதுதான் வழக்கம்.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். எதிர்க்கட்சி ஒன்றியப் புள்ளி ஒருவர் தன் பாகப்பிரிவினை வழக்கை என்னிடம் கொடுத்திருக்கிறார். மேடையில் என் தலைவரைக் கிழிகிழி என்று கிழிப்பவர்! ஏன் என்னிடம் என்று கேட்டேன். "எங்க வக்கீல்கிட்டக் கொடுத்தா எனக்கு எத்தனை ஏக்கர்னு சாயங்காலமே கட்சி ஆபீசுக்குத் தெரிஞ்சிரும் வக்கீலய்யா" என்றார். அவரைப் போல இன்னும் சிலர் உண்டு, பெயர் எழுத மாட்டேன். நான் வேட்பாளராக நின்று அவர்கள் ஊரில் போய் ஓட்டுக் கேட்டால் அந்த வழக்குக் கட்டுகளெல்லாம் அடுத்த வாய்தாவுக்குள் கைமாறிவிடும். இத்தனை வருஷம் வீட்டில் அடுப்பெரிந்தது அவற்றால்தான். மாவட்டச் செயலாளரிடம் இதைச் சொல்ல முடியுமா? உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் முழுப் பொய்யில்லை, சர்க்கரை 200க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வா. வரும்போது உன் தம்பியின் நிலத்துப் பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் மறக்காமல் எடுத்து வா. போனில் அவன் சொன்ன சர்வே நம்பர் எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்புடன்,
முருகேசன்