ஐசி-38 (காப்பீட்டு முகவர் தேர்வு) எழுதப்போகிறவர்கள் கவனத்திற்கு

வணக்கம் நண்பர்களே. மாதிரித் தேர்வில் பலர் ஒரே கேள்வியில் தடுமாறியிருக்கிறீர்கள்: காப்பீட்டு நலன் எப்போது இருக்க வேண்டும்?

காப்பீட்டு நலன், அதாவது இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட், என்றால் காப்பீடு செய்யப்படும் உயிருக்கோ பொருளுக்கோ ஏதாவது நேர்ந்தால் பாலிசி எடுப்பவருக்குப் பண இழப்பு வரும் என்ற தொடர்பு. ஆயுள் பாலிசிக்கு அது எடுக்கும் நேரத்தில் இருந்தால் போதும். தீக் காப்பீட்டில் இழப்பு நேரும்போதும் இருக்க வேண்டும். சரி, இது நினைவில் நின்றுவிடும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்கச் சொல்லும் வாடிக்கையாளர் உங்களுக்கும் வருவார். மூன்று வருடம் தாண்டினால் கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது, காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 45 காப்பாற்றும் என்று தைரியம் சொல்லாதீர்கள். அந்தப் பிரிவு ஆயுள் பாலிசிக்கு மட்டும்தான். மருத்துவக் காப்பீட்டில் தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகுதான் அந்தப் பாதுகாப்பு, அப்போதும் மோசடி நிரூபணமானால் கிடையாது. உண்மையை எழுதினால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம், அவ்வளவுதான். மறைத்துவிட்டு ஆஸ்பத்திரி பில்லோடு நிற்கும் குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த நிலைக்கு யாரையும் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், பிரீமியத்தில் தள்ளுபடியாகக் கமிஷனில் பங்கு தருவது பிரிவு 41-இன்படி குற்றம், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஞாயிறு வகுப்பில் இழப்பீட்டுக் கொள்கையை, அதாவது நேர்ந்த இழப்பின் அளவுக்கு மட்டுமே ஈடு என்ற விதியைப் பார்ப்போம். கால்குலேட்டர் எடுத்து வாருங்கள்.