சோதனை ஓட்டத்தில் பறந்த குறுஞ்செய்திகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் பைத்தான் நிரல்மொழியில் எழுதும் வலைச் செயலிகள் குறித்து வெளியான கட்டுரையில், டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பது ஜாவாக்காரர்களின் சுமை என்றும் பைத்தானில் அதற்கு வேலையே இல்லை என்றும் ஒரு வரி இருந்தது. 12 ஆண்டுகளாகப் பைத்தானில் நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அதை மறுக்க விரும்புகிறேன்.

மென்பொருள் நூலாசிரியர் மார்ட்டின் ஃபௌலர் 2004-இல் எழுதிய கட்டுரையால் பரவிய அந்தப் பெயர்தான் மிரட்டுகிறதே ஒழிய, பொருள் எளிது. ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, தனக்கு வேண்டிய டேட்டாபேஸ் இணைப்பையோ மின்னஞ்சல் கருவியையோ தானே உள்ளுக்குள் உருவாக்கிக்கொள்ளாமல், அழைப்பவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் எழுதிய பில்லிங் செயலி ஒன்று இருந்தது. சோதனைகளை ஓட்டும்போது ஜாங்கோ மின்னஞ்சல்களை வெளியே விடாமல் நினைவகத்திலேயே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், குறுஞ்செய்தியும் அப்படித்தான் நின்றுவிடும் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். கட்டண நினைவூட்டலை அனுப்பும் ஃபங்ஷனோ குறுஞ்செய்திச் சேவையோடு பேசும் கிளையன்டைத் தன் முதல் வரியிலேயே உருவாக்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, சோதனைத் தரவில் யாரோ உண்மையான வாடிக்கையாளர்களின் எண்களை நகலெடுத்து வைத்திருந்தார்கள். இரவு 11 மணிக்கு 43 பேருக்கு 'உங்கள் பாக்கி 1 ரூபாய்' என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை முழுதும் வசவு வாங்கியவர், பாவம், வரவேற்பில் இருந்த பெண். கிளையன்டை ஆர்கியுமென்டாக, அதாவது அழைப்பவர் கொடுக்கும் உள்ளீடாக, வாங்கும்படி மாற்ற 3 வரிதான் பிடித்தது. சோதனையில் அதே இடத்தில், வரும் செய்திகளைப் பட்டியலில் சேர்த்துவைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத போலி கிளையன்ட் ஒன்றைக் கொடுத்தோம். இதற்கென்று எந்த நூலகமும் நிறுவவில்லை.

சோதனையின்போது மட்டும் ஒரு பெயருக்குப் பின்னால் இருப்பதைப் போலியாக மாற்றிவைக்கும் 'பேட்ச்' போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு பெயர் பிறந்த மாட்யூலில் (நிரல் கோப்பில்) அல்லாமல், அது பயன்படும் மாட்யூலில் பேட்ச் போட வேண்டும் என்பதால், யாராவது அந்தப் பெயரை வரவழைக்கும் இம்போர்ட் வரியைச் சற்று மாற்றி எழுதினாலே அது சத்தமில்லாமல் பயனற்றுப் போய்விடும்.

2018 டிசம்பரில் வெளிவந்த ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பு டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷனைத் தன் மையத்திலேயே வைத்திருக்கிறது. ஆர்கியுமென்டில் 'டிபெண்ட்ஸ்' என்று குறித்தால் இணைப்பைத் திறந்து கையில் கொடுக்கும். இணைப்பைத் தரும் ஃபங்ஷனை 'யீல்டு' போட்டு எழுதியிருந்தால் பிறகு மூடவும் செய்யும். செயலிக்கு வரும் ஒரே ரிக்வெஸ்டில் (கோரிக்கையில்) பல இடங்கள் கேட்டாலும் வழக்கமாக ஒரு முறைதான் உருவாக்கும். சோதனையின்போது ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கவும் வசதி உண்டு. ஆனால் இந்த 'டிபெண்ட்ஸ்' வசதி ரிக்வெஸ்டுக்குள் மட்டுமே செல்லும். அதே ஃபங்ஷனை இரவில் குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலையிலிருந்து நேரடியாக அழைத்தால், 'டிபெண்ட்ஸ்' இயல்பு மதிப்பாக எழுதப்பட்டிருக்கும் பட்சத்தில், டேட்டாபேஸ் இணைப்பு வர வேண்டிய இடத்தில் அந்த 'டிபெண்ட்ஸ்' பொருளே வந்து நிற்கும். ஆகவே நான் அதை, ரிக்வெஸ்டை நேரடியாக வாங்கும் ரூட் ஃபங்ஷன்களோடு நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் கணக்கு வழக்குகளைச் சாதாரண ஆர்கியுமென்ட் வாங்கும் ஃபங்ஷன்களாகவே எழுதுகிறேன்.

அக்கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்திருந்த மாணவர் ஒருவரை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிரலாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்