பெயர் கேட்க மறந்த வழிகாட்டிக்கு நன்றி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகிழக்கு முனையில், சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள கிராண்ட் போர்ட்டேஜ் தேசிய நினைவிடத்தில், மீட்டமைக்கப்பட்ட வணிகக் கோட்டைக்கு அருகே ஒஜிப்வே என்னும் பூர்வகுடி மக்களின் பழைய குடியிருப்பைப்போல் அமைத்திருக்கும் பகுதியை எங்களுக்குச் சுற்றிக்காட்டிய அம்மையாருக்கு என் மனமார்ந்த நன்றி.

இளமரக் கழிகளை நட்டு வளைத்து, மரப்பட்டை நாரால் கட்டி, மேலே பூர்ச்ச மரப்பட்டைகளைப் போர்த்தி விக்வாம் என்னும் வீட்டை எழுப்பும் முறையை அவர் பொறுமையாக விளக்கினார். குனிய இயலாத என் தாயாருக்காக வாயில் மறைப்பை உயர்த்திப் பிடித்து உள்ளே அமரவைத்தார். ஏரியில் விளையும் காட்டு அரிசியைப் படகிலிருந்தபடியே கோல்களால் தட்டிச் சேர்ப்பதையும், பிறகு வறுத்து, மிதித்து, உமி போகப் புடைப்பதையும் அவர் நடித்துக் காட்டியபோது, ஆங்கிலம் அறியாத அம்மாவும் தாம் முறத்தில் புடைக்கும் விதத்தைப் பதிலுக்குக் காட்ட, இருவரும் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோட்டையைவிட இப்பகுதியையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து; ஏனெனில், படகையும் சரக்கையும் தோளில் சுமந்து நடந்து கடக்கும், ஏறத்தாழ 13.7 கிலோமீட்டர் நீளமுள்ள அங்குள்ள சுமைவழியை ஐரோப்பிய வணிகர்களுக்கு முன்பே பயன்படுத்தியவர்கள் பூர்வகுடிகளே. இன்று நினைவிட நிர்வாகத்திலும் கிராண்ட் போர்ட்டேஜ் ஒஜிப்வே சமூகத்தினர் பங்கேற்கிறார்கள்.

அங்கு செல்லும் தமிழர் எவரேனும் அவரைச் சந்தித்தால், முறத்தைப் பற்றிப் பேசிய அம்மா நலமாக இருப்பதாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.