தணிகாசலத்துக்கு ஒரு பிரேக்பாயிண்ட்

அன்புள்ள தணிகாசலம்,

நலம், நலமறிய அவா. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகச் சேகர் சொன்னான். அவரிடம் என் வணக்கத்தைச் சொல். இத்தனை மாதம் ஒரு வரிகூட எழுதாததற்குத் திட்டுவதாக இருந்தால், முழுவதையும் படித்துவிட்டுத் திட்டு.

எங்கள் நிறுவனத்தின் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு), ரிஸ்க்-ஃபைவ் பிராசசர் உள்ள புதிய போர்டில், நாங்கள் எழுதும் டிபக்கர் (பிழை தேடும் கருவி) வைத்த பிரேக்பாயிண்டில், அதாவது நிற்கச் சொல்லிக் குறித்த இடத்தில், போன வாரம் முதன்முறையாக வந்து நின்றது. இதற்கா கடிதம் என்பாய். நீ பிரிண்ட்கே கட்சிக்காரன், கெர்னலுக்குள்ளிருந்து வரிகளை அச்சிட்டே பிழை தேடுபவன் ஆயிற்றே! தமக்கு டிபக்கர்கள் பிடிக்காது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000இல் எழுதியதை நம் மெஸ்ஸில் வேதவாக்காக ஓதுவாய். அவருடைய கெர்னலுக்குள்ளேயே 2008இல் 2.6.26 பதிப்போடு கேஜிடிபி என்ற டிபக்கர் நுழைந்துவிட்டதை மட்டும் வசதியாக மறந்துவிடுவாய். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிராசசரில் உன் கட்சி செல்லும். புதிய பிராசசருக்கு ஒரு கெர்னலைக் கொண்டுபோகும்போதோ, ட்ராப் (ஓடும் நிரலை நிறுத்திக் கெர்னலுக்குத் தாவுவது) நுழைவு, பேஜ் டேபிள் (நினைவக முகவரிகளின் அட்டவணை), லாக் (பூட்டு), செய்தி காட்டும் கன்சோல் என எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. அச்சிட்ட வரி திரையில் வராவிட்டால், கெர்னல் அங்கே வரவே இல்லையா, வந்தும் கன்சோல் வாய் திறக்கவில்லையா என்று எதை வைத்துச் சொல்வாய்? அதனால்தான் டிபக்கரைக் கடைசியில் ஒட்டவைக்கும் அலங்காரமாக விடாமல், சீரியல் போர்ட் பேசத் தொடங்கியதுமே எழுத வேண்டும் என்று சண்டை போட்டேன்.

வேலையில் பெரும்பகுதியை மறுமுனைக் கணினியில் இருக்கும் ஜிடிபி என்ற டிபக்கர் நிரல் பார்த்துக்கொள்கிறது. நம் பக்கம் ரெஜிஸ்டர்களையும் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) நினைவகத்தையும் கேட்டால் கொடுக்க வேண்டும். இன்டரப்ட் (குறுக்கீட்டுச் சைகை) இல்லாமலே சீரியல் போர்ட்டில் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கவும் எழுதவும் வேண்டும். தொல்லையெல்லாம் பிராசசரைத் தொடும் இடத்தில்தான். இன்டெல்லில் பிரேக்பாயிண்ட் கட்டளை ஒரே பைட். ட்ராப் வந்தபின் சேமித்த முகவரி அதைத் தாண்டி நிற்பதால் ஒன்றைக் கழிக்கிறோம். ரிஸ்க்-ஃபைவில் அது ஈபிரேக் என்ற பிரேக்பாயிண்ட் கட்டளையின் மேலேயே நிற்கிறது. கழிக்க வேண்டியதில்லை, ஆனால் நிரலிலேயே நாம் எழுதி வைத்த ஈபிரேக்காக இருந்தால் முகவரியை நாமே முன்னே நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போனதும் அதே ட்ராப் மறுபடி வரும். ஈபிரேக்கிலும் இரண்டு அளவு உண்டு: நான்கு பைட்டில் 00100073, இரண்டு பைட்டில் 9002, இரண்டும் ஹெக்ஸ் எண்கள். இரண்டு பைட் கட்டளை இருக்கும் இடத்தில் நான்கு பைட்டை எழுதினால் அது அடுத்தவன் இலையிலும் கை வைத்துவிடும்; ஆகவே எல்லா இடத்திலும் சிறியதையே எழுதுகிறோம். எழுதியபின், மாற்றிய கட்டளையைப் பிராசசர் புதிதாகப் படிக்க ஃபென்ஸ்-ஐ என்ற கட்டளையைக் கொடுத்தாலும், அது அந்த ஒரு கோருக்கு (பிராசசரின் ஒரு கருவுக்கு) மட்டுமே செல்லுபடியாகும். மற்ற கோர்களையும் தட்டி எழுப்பித்தான் அதைச் செய்ய வைக்க வேண்டும்.

என் தூக்கத்தைக் கெடுத்தது சிங்கிள் ஸ்டெப், அதாவது ஒரே ஒரு கட்டளை மட்டும் ஓடி நிற்பது. இன்டெல்லில் ஒரு ஃபிளாக் பிட்டை ஏற்றினால் போதும். ரிஸ்க்-ஃபைவிலும் அப்படியொரு பிட் இருக்கிறது, ஆனால் அது போர்டின் ஜேடேக் பின்கள் வழியாக வரும் வெளி டிபக்கருக்கு உரியது. சூப்பர்வைசர் நிலையில் ஓடும் கெர்னலின் கைக்கு எட்டாது. லினக்ஸ் 5.8இல் செய்த வழியைத்தான் நாங்களும் பின்பற்றினோம்: நிற்கும் கட்டளையை நாமே பிரித்துப் படித்து, அது கிளைக் கட்டளையானால் இரண்டு ரெஜிஸ்டர்களையும் ஒப்பிட்டு எந்தப் பக்கம் போகும் என்று கணக்கிட்டு, தாவலானால் இலக்கைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு தற்காலிக ஈபிரேக்கை நட்டு, அது அடித்ததும் பழைய பைட்டுகளைத் திரும்ப வைக்க வேண்டும். இதுவும் எல்ஆர், எஸ்சி என்ற கட்டளை இணையிடம் பலிக்காது. எல்ஆர் ஓர் இடத்தைத் தன் பெயரில் பதிந்து வைக்கிறது, அந்தப் பதிவு குலையாமல் இருந்தால்தான் எஸ்சி எழுதும். நடுவில் நம் ட்ராப் நுழைந்தால் பதிவு போய்விடுகிறது, எஸ்சி தோற்கிறது, நிரல் மீண்டும் எல்ஆருக்கே வருகிறது, அடி அடியாக நடப்பவன் அந்தச் சுழலைவிட்டு வெளியே வருவதே இல்லை. எனவே எல்ஆரைக் கண்டால் அந்த வரிசை முழுவதையும் ஒரே அடியாகக் கருதி, அதன் முடிவுக்கு அப்பால் நடுகிறோம்.

ஜேடேக்கையே பயன்படுத்தலாமே என்று கோபாலு கேட்டான். ஆய்வகத்தில் சரிதான், வாடிக்கையாளரிடம் போகும் போர்டில் அந்தப் பின்களே கிடையாது.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு கோர் பிரேக்பாயிண்டில் நின்றதும் மற்றவற்றையும் நிறுத்தியாக வேண்டும். இன்டெல்லில் என்எம்ஐ (அணைக்க முடியாத இன்டரப்ட்) அனுப்பலாம்; எங்கள் சிப்பில் அப்படி எதுவும் இல்லாததால், இன்டரப்டை அணைத்துவிட்டு ஸ்பின் லாக்கில், அதாவது பூட்டு கிடைக்கும்வரை, சுழலும் கோர் நம் அழைப்பைக் கேட்பதில்லை. சிறிது நேரம் காத்திருந்து, வராத கோரைக் குறித்துவிட்டு மேலே போகலாம் என்கிறேன் நான். அந்தக் கோர் நமக்குத் தெரியாமல் நினைவகத்தை மாற்றிக்கொண்டிருந்தால், பார்ப்பதையெல்லாம் எப்படி நம்புவது என்கிறான் சேகர். பெரிய சர்வர்களின் லாக் சிக்கல்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் நீ. என்ன செய்வாய் என்று விரிவாக எழுது. பதில் வரும்வரை அந்தப் பகுதியைத் தொடாமல் ஸ்டேக் ட்ரேஸை (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்று காட்டும் பட்டியல்) எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சிசுந்தரம்