டிக் வெல்டிங் மெஷினுக்கு மேல ஒட்டுன நம்பர நம்பி வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் எங்க அக்கா பையன் உங்க பேப்பர்ல வந்த ஒரு விளம்பரத்த கிழிச்சு மடிச்சு சட்டப்பையில வெச்சுட்டு பட்டறைக்கு வந்தான். ஐடிஐ முடிச்சுட்டு ரெண்டு வருஷம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனில இருந்தவன், இப்ப சொந்தமா கடை போடறேன்னு கடனுக்கு கொட்டேஷன் வாங்கிட்டு இருக்கான். "மாமா, 400 ஆம்ப்ஸ் டிக் மெஷினு, 18 ஆயிரந்தான், சிங்கிள் பேஸ், வீட்டு பிளக்குலயே ஓடுமாம். உங்குளுது 200 தான, அதுக்கு எதுக்கு அத்தன காசு குடுத்தீங்க"ன்னு கேட்டான். டிக்குங்கறது, டங்ஸ்டன் முனைல ஆர்க்குன்னு சொல்ற மின்பொறி எடுத்து, காத்து படாம ஆர்கான் கேஸ் மூட, உலோகத்த உருக்கி ஒட்டற வெல்டிங். அவன் கேட்டதுல தப்பே இல்லீங்க, நானும் ஒரு காலத்துல இதே மாதிரி நம்பர மட்டும் பாத்து வாங்கி நெம்ப பட்டவன், அதனாலதான் இத எழுதறேன்.

அவன உக்கார வெச்சு டேபிள் மேல சாக்பீஸ்ல ஒரு கணக்கு போட்டு காட்டுனேன். டிக்ல 200 ஆம்ப்ஸ் ஓடறப்ப 18 வோல்ட், 400 ஓடறப்ப 26 வோல்ட், இது மெஷின சோதிக்கற ஸ்டாண்டர்டுலயே இருக்கற கணக்கு. 400ஐ 26ல பெருக்கு, 10,400 வாட்ஸ். அத கரண்டு வர்ற 230 வோல்ட்டுல வகுத்தா 45 ஆம்ப்ஸ், அதுவும் மெஷினுக்குள்ள துளி கரண்டு கூட சூடா வீணாகாதுன்னு வெச்சுக்கிட்டா. வீட்ல இருக்கற பெரிய பிளக்கே 16 ஆம்ப்ஸ் தானுங்க. அப்ப அந்த பெட்டி எப்படி 400 குடுக்கும்? குடுக்காது. பையன் கணக்க ரெண்டு தடவ திரும்ப போட்டு பாத்துட்டு அந்த பேப்பர மறுபடியும் மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டான்.

சரி என் கதைக்கு வர்றேன். 2011ல ஹைகோர்ட் உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறைங்கள மூடி, அப்புறம் ஒரு சொட்டு கழிவு தண்ணி வெளிய போகக்கூடாதுங்கற ஏற்பாட்டோட ஒவ்வொண்ணா திறந்தாங்கல்ல, அப்ப எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க், பைப் லைன்னு எங்கள மாதிரி சின்ன பட்டறைக்கெல்லாம் சோலி வந்துச்சு. இருந்த ஒரு மெஷின் பத்தல. ஒரு கடையில 200 ஆம்ப்ஸ்னு ஒரு டிக் மெஷின பளபளன்னு வெச்சிருந்தாங்க, டிஜிட்டல் டிஸ்பிளே, பாக்க அம்சமா இருந்துச்சு, வில கம்மி, வாங்கிட்டு வந்துட்டேன். கொஞ்ச நாள்லயே ஒரு சாயப்பட்டறைக்கு சுடுதண்ணி டேங்க் ஒண்ணு, 304 ரக எஸ்.எஸ். சீட்டு, 3 எம்.எம்., நானும் இன்னொரு பையனும் ஒட்டுக்கா நின்னு வெல்டு அடிச்சு முடிச்சோம். பாக்க வெல்டு மீன் செதில் மாதிரி அழகா இருந்துச்சு. தண்ணி நெரப்பி பொழுதோட விட்டுட்டு காலைல வந்து பாத்தா வெளிப்பக்கம் பதினோரு எடத்துல ஈரம். டார்ச் லைட்ட போட்டு பாத்தா ஒவ்வொரு வெல்டும் எங்க முடியுதோ கரெக்டா அந்த முடிவுல ஊசி முனை அளவு ஓட்டை, சிலதுல நட்சத்திரம் மாதிரி விரிசல்.

என் கைல கோளாறுன்னு தான் மொதல்ல நெனச்சேன். வெசனத்துல ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்புறந்தான் புரிஞ்சுது, அந்த மெஷின்ல டவுன் ஸ்லோப்பே கெடையாது. சுவிட்ச விட்டதும் கரண்டு பொக்குனு நிக்கும். அப்படி நின்னா உருகி இருக்கற குட்டை ஒரே அடியா உறைஞ்சு நடுவுல குழி விழும், அந்த குழில தான் விரிசல் வரும். டவுன் ஸ்லோப் இருந்தா கரண்டு 120ல இருந்து நாலஞ்சு செகண்டுல மெதுவா எறங்கும், அதுக்குள்ள நாம கம்பிய குடுத்து குழிய நெரப்பிடலாம். ஒரே ஒரு குமிழ், அது இல்லாம போனதுக்கு பதினோரு எடத்தையும் கிரைண்டர்ல தோண்டி எடுத்து திரும்ப அடிச்சு, ஆர்கான் சிலிண்டர் இன்னொண்ணு காலியாகி, பார்ட்டிகிட்ட பேச்சும் வாங்கி, கூலில பாதி போச்சு.

அதே மெஷின்ல கேஸ் போஸ்ட் ஃப்ளோ குமிழ், அதாவது வெல்டு நின்னப்புறமும் எத்தன செகண்டு கேஸ் வரோணும்னு வெக்கறது, இருந்துச்சு, ஆனா எத்தன வெச்சாலும் ரெண்டு செகண்டுல நின்னுரும். வெல்டு முடிஞ்சதும் டங்ஸ்டன் முனைய பாத்தா போதுமுங்க, வெள்ளி மாதிரி இருந்தா கேஸ் நல்லா வந்திருக்கு, நீலமா கருப்பா இருந்தா முனை ஆறறதுக்குள்ள காத்து பட்டுருச்சுன்னு அர்த்தம். எனக்கு ஒவ்வொரு தடவையும் கருப்பு. உடைச்சு தீட்டி உடைச்சு தீட்டி ஒரு பாக்கெட் டங்ஸ்டன் ஒரு மாசத்துல தீந்துச்சு.

சித்திரைல இன்னொரு கூத்து. எங்க பட்டறை சீட்டு கூரை, கத்திரி வெயில்ல உள்ள நிக்க முடியாது. 170ல வெச்சு நாலு நிமிஷம் அடிச்சா மஞ்ச லைட்டு எரிஞ்சு மெஷின் நின்னுரும், அப்புறம் கால் மணி நேரம் ஆறோணும். பின்னாடி இருந்த தகட்ட அப்பதான் தொடச்சு படிச்சேன், 200 ஆம்ப்ஸ்க்கு டூட்டி சைக்கிள் 25 சதவீதம்னு போட்டிருந்துச்சு. அதாவது 10 நிமிஷத்துல ரெண்டரை நிமிஷம் தான் 200ல ஓட்டலாம், மீதி ஏழரை நிமிஷம் சும்மா ஃபேன் ஓடி ஆறோணும். நிறுத்தாம நாள் பூரா ஓட்டோணும்னா 100 ஆம்ப்ஸ் தான் அந்த மெஷினோட நெஜமான பலம். கணக்கு இதுதான், கரண்டு பாதியாச்சுன்னா உள்ள உண்டாகற சூடு கால்வாசி ஆகும், அதனால 25 சதவீதம் 100 ஆயிடும். அந்த சதவீதமும் எந்த வெயில்ல சோதிச்சதுன்னு பாக்கோணும், 40 டிகிரில சோதிக்கறது தான் முறை. 20 டிகிரில, குளுகுளுன்னு இருக்கற ரூம்ல வெச்சு பாத்த நம்பர் ஈரோடு பவானி பக்கம் செல்லாதுங்க.

இப்ப நான் மெஷின் பாக்கப் போனா டிஸ்பிளேவ பாக்கறதே இல்ல. பின்பக்க தகடு, அதுல 60 சதவீதத்துக்கும் 100 சதவீதத்துக்கும் எத்தன ஆம்ப்ஸ்னு போட்டிருக்கா, அதுதான் மொதல்ல. அப்புறம் கூட குடுக்கற டார்ச்சு, அதாவது வெல்டு அடிக்க கைல பிடிக்கறது. 200 ஆம்ப்ஸ் மெஷினோட 17 நம்பர் டார்ச்ச குடுத்து அனுப்பிடறாங்க, அது 150 தான் தாங்கும், அதுக்கு மேல போனா கையுறைய தாண்டி சுடும், 26 நம்பர் கேட்டு வாங்கோணும். எர்த் கேபிள கத்தில லேசா சுரண்டி பாருங்க, சுரண்டுன எடம் வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியத்துக்கு மேல தாமிரம் பூசுனது. கடைக்காரர் கோவிச்சுக்குவாருன்னு கூச்சப்படாதீங்க, தாமிரம்னா அவரே சுரண்டி காட்டுவாரு. டெமோவுக்கு திறந்து வெச்ச பீஸ் இருந்தா உள்ள பாக்கோணும், ஃபேன் இழுக்கற காத்து சர்க்யூட் போர்டு மேல நேரா அடிக்குதா, இல்ல சூட்ட வாங்கி ஆத்தற ஹீட் சிங்க்குக்கு தனியா குகை மாதிரி வழி விட்டிருக்கானு. நம்ம பட்டறைல கிரைண்டர்ல பறக்கற இரும்பு பொடி போர்டு மேல உக்காந்துச்சுன்னா ஒரு மழைக்காலம் தாங்காது, ஷார்ட் ஆகி, கரண்ட சுவிட்ச் பண்ற ஐஜிபிடிங்கற பாகம் வெடிச்சுரும். போர்டு மேல வார்னிஷ் மாதிரி பூசியிருந்தா இன்னும் நல்லது.

கடைசியா, வேஸ்ட்டு எஸ்.எஸ். சீட்டு 1 எம்.எம்.ல ரெண்டு துண்டு கைல கொண்டு போறேன். 15 ஆம்ப்ஸ்ல வெச்சு இருபது தடவ ஆர்க் எடுத்து பாப்பேன். நல்ல மெஷின், முனை சீட்ட தொடாமயே எச்.எஃப்.ல (ஹை ஃப்ரீக்வென்சி பொறில) உடனே பிடிச்சு நடுங்காம நிக்கும். மட்டமானது டிக் டிக்குன்னு அடிச்சுட்டு பிடிக்காது, பிடிச்சா எகிறி சீட்ட ஓட்ட போட்டுரும். ஆம்ப்ஸ் ஜாஸ்தில எல்லா மெஷினும் ஓடும், கம்மில தான் தரம் தெரியும்.

எஸ்.எஸ்.சும் இரும்பும் மட்டும் அடிக்கறவங்க ஏசி டிசி மெஷினுக்கு காசு கொட்ட வேண்டியதில்ல, டிசி போதும். அலுமினியம் அடிக்கறவங்களுக்கு ஏசி கட்டாயம் வேணும், ஏன்னா அலுமினியம் 660 டிகிரில உருகும், அது மேல இருக்கற ஆக்சைடு தோல் 2000 டிகிரி தாண்டித்தான் உருகும், அந்த தோல ஒடைக்கறது ஏசி தான். இன்னொண்ணு, பசங்க செவப்பு முனை டங்ஸ்டன வெறும் மூஞ்சியோட தீட்டறாங்க, அதுல தோரியம் இருக்கு, கதிர்வீச்சு உள்ள பொருளு, அந்த தூசி நெஞ்சுக்குள்ள போகக்கூடாது. தங்க கலர் இல்லாட்டி நீல கலர் முனை வாங்கி குடுங்க, வேலையும் அதே மாதிரி நல்லா நடக்கும்.

அய்யா, நான் கேக்கறது இதுதானுங்க. உங்க பேப்பர்ல சுயதொழில் பக்கம் வருது, அத படிச்சுட்டு தான் எத்தனையோ பசங்க கடன் வாங்கி மெஷின் எடுக்கறாங்க. அதுல எத்தன லட்சம் கடன், எத்தன சதவீதம் மானியம்னு போடறீங்க, அதோட எந்த மெஷின எப்படி பாத்து வாங்கோணும்னு ஒரு நாள் போடுங்க, விவரம் வேணும்னா எங்க மாதிரி ஆளுங்க நாலு பேரு வந்து சொல்றோம். விளம்பரம் வாங்கறப்ப ஆம்ப்ஸ் போட்டா பக்கத்துலயே டூட்டி சைக்கிளும் போடோணும்னு கம்பெனிக்காரங்ககிட்ட கேளுங்க. கடன் குடுக்கற ஆபீசர்களும் கொட்டேஷன்ல அந்த ஒரு வரி இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போட்டா புண்ணியமா போகும், மாசா மாசம் தவணை கட்டறவன் மஞ்ச லைட்ட பாத்துட்டு கால் மணி நேரம் உக்காந்திருக்க முடியாதுங்க.

அக்கா பையன் இன்னும் வாங்கல. வர்ற ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் சீட்டு துண்டு எடுத்துட்டு கோயம்புத்தூர் போறோம்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் பட்டறைக்காரர்,
திருமுருகன்பூண்டி.