குன்றிமணி எடை

சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

படம் கிடைத்தது. கனடாவின் சிம்கோ ஏரி உறைந்ததும் அதன் மேல் நாற்காலி போட்டு, ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறாய்! சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் ஏசி குளிருக்கே மஃப்ளர் சுற்றிக்கொண்ட ஆள்தானே நீ? ஏரி உறைந்தும் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்டிருந்தாய்.

முதலில் என் கூத்தைக் கேள். போன வாரம் ஒரு கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, பிரீசரில் வைத்து மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் பாட்டில் மேலிருந்து கீழ்வரை விண்டிருக்கிறது. உள்ளே ஐஸ் பாட்டில் வடிவத்திலேயே நிற்கிறது. வீட்டில் கிடைத்த அர்ச்சனையை எழுதப்போவதில்லை.

தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்துவிடும். ஒரு லிட்டர் ஐஸ் 917 கிராம்தான், அதனால்தான் மிதக்கிறது. நம் தங்கம் அப்படியா? உருக்கி அச்சில் ஊற்றினால் ஆறும்போது சுருங்கி நடுவில் குழி விழுமே! நெய்யும் அப்படித்தான்: உருகிய நெய்யில் உறைந்த கட்டி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், நேரே அடியில் போய் உட்கார்ந்தது. தண்ணீர்தான் தலைகீழ். உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அறுகோணமாக விலகி நிற்கின்றன. தேன்கூடு மாதிரி நடுவில் வெற்றிடம்.

இப்போது உன் மீனுக்கு வருகிறேன். நல்ல தண்ணீர் அதிகம் கனப்பது 4 டிகிரியில். குளிர்காலம் தொடங்கும்போது மேல்தண்ணீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மொத்தமும் 4 டிகிரிக்கு வந்த பிறகு, அதற்கும் கீழே குளிர்கிற தண்ணீர் இலேசாகி மேலேயே தங்கி உறைந்துவிடும். அடியில் 4 டிகிரித் தண்ணீர் அப்படியே கிடக்கும், மீனும் பிழைக்கும். 4 டிகிரிக்கும் 0 டிகிரிக்கும் லிட்டருக்கு எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? 0.13 கிராம். ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை! அந்த எடை குறைந்ததற்கு முதலாளியிடம் நீ வாங்கிய திட்டு நினைவிருக்கிறதா?

இங்கே 30 டிகிரியில் குழாய்த் தண்ணீர் லிட்டருக்கு 996 கிராம். அரைப் பவுன் குறைச்சல், கேட்பாரில்லை. கொதித்து ஆவியாகிவிட்டாலோ ஒரு லிட்டர் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். குக்கர் சும்மாவா கத்துகிறது?

அப்புறம், என் முழங்கால் தேவலை. காலையில் தேக்கா சந்தைவரை நடக்கிறேன். மார்ச்சில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? அதுவரை ஐஸ் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று பார்க்காமல் ஏரியில் கால் வைக்காதே. உன் எடையும் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ராஜு