டிசம்பர் ரூமை இப்போதே போட்டு வை

அன்புள்ள கண்ணுக்கு,

நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலம்தானே? டிசம்பர் கடைசியில் லீவு கிடைத்துவிட்டது, ஆனால் டோக்கியோவா பாங்காக்கா சிங்கப்பூரா என்று முடிவாகவில்லை, வாடகை இறங்கட்டும் என்று காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். காத்திருக்காதே அப்பா. ஊர் முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று ஊரிலும் இன்றைக்கே ரூம் போட்டு வை. இலவசமாகக் கேன்சல் செய்யக்கூடியதாக, பணத்தை ஹோட்டலில் கட்டுவதாக இருக்கட்டும். ஊர் முடிவான அன்றே மற்ற இரண்டையும் விட்டுவிடு. உன்னைப் போல் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அது போகும்.

கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்பது சாதாரண நாட்களுக்குச் சரி. காலியாகக் கிடக்கும் ரூமை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். டிசம்பர் 24, 25, 31 அப்படி இல்லை. அந்த நாட்களில் சின்ன, மலிவு ரூம்கள்தான் முதலில் தீரும். கடைசியில் மிஞ்சுவது பெரிய ரூமும் தூரத்து ரூமும்தான்.

விலை உண்மையில் இறங்கும் நேரம் வேறு. இலவசக் கேன்சலுக்கு ஹோட்டல்கள் 7 நாள், 3 நாள், 1 நாள் என்று கெடு வைத்திருக்கும். உன்னைப் போலவே பலரும் இரண்டு மூன்று ரூமைப் பிடித்து வைத்திருந்து, கெடுவுக்கு முந்தைய ஓரிரு நாளில் வேண்டாததை விடுவார்கள். அப்போது நல்ல ரூம் திரும்பச் சந்தைக்கு வரும். அந்த நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொண்டு மறுபடி தேடு. மலிவாக ஒன்று கிடைத்தால் முதலில் அதைப் போட்டு, உறுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு பழையதை ரத்து செய். பழையதை விட்டுவிட்டுப் புதியதைத் தேடாதே. கெடு நேரம் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம் என்பதையும் மறக்காதே. டோக்கியோவில் இரவு 11.59 என்றால் சிங்கப்பூரில் 10.59, பாங்காக்கில் 9.59. ஒரு மணி நேரம் தவறினாலும் முதல் இரவு வாடகை போய்விடும், சில இடங்களில் முழுத் தொகையும் போகும்.

ஊரைத் தேர்ந்தெடுக்க நீ விமான டிக்கெட்டை மட்டும் பார்க்கிறாய் போலிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அந்த வாரம் என்ன செய்கிறார்கள் என்று பார். நகரம் நிரம்பும் விடுமுறையும் உண்டு, காலியாகும் விடுமுறையும் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு ஜகார்த்தா மக்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அப்போது தலைநகரில் ரூம் சுலபமாகக் கிடைக்கும், ரயிலும் விமானமும்தான் கிடைக்காது. டெட் என்னும் வியட்நாம் புத்தாண்டில் ஹனோயும் ஹோ சி மின் நகரமும் அப்படித்தான். ரூம் கிடைக்கும், பாதிக் கடை மூடியிருக்கும், கூட்டமெல்லாம் டானாங் கடற்கரைக்கும் டலாத் மலைக்கும் ஏறிவிடும். சந்திரப் புத்தாண்டு 2026இல் பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. அந்த வாரத்தில் சீனப் பயணிகள் ஆசியா முழுக்கப் புறப்படுவார்கள். அக்டோபர் 1 தொடங்கும் சீனத் தேசிய நாள் வாரமும் அதே கதை. ஜப்பானில் ஏப்ரல் 29இல் தொடங்கி மே 5 வரை விடுமுறைகள் அடுக்காக வரும், ஆகஸ்ட் நடுவில் ஓபோன் என்னும் முன்னோர் பண்டிகை வரும். தாய்லாந்துக்கு ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு.

டிசம்பருக்கு வருவோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளி விடுமுறை. சிங்கப்பூரில் 31ஆம் தேதி இரவு மரீனா பே பக்கம் வாணவேடிக்கை என்பதால் அந்த வட்டாரம் எட்டாத விலைக்குப் போகும். ஜப்பானில் 25ஆம் தேதி பொது விடுமுறையே கிடையாது. அங்கே அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும், கம்பெனிகளும் பெரும்பாலும் அப்படியே. கம்பெனி வேலையாக வந்து தங்குபவர்கள் இல்லாததால் டோக்கியோவில் ஷிம்பாஷி, காண்டா போன்ற அலுவலகப் பகுதிகளின் பிசினஸ் ஹோட்டல்களில், சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஷிஞ்சுகு, அசாகுசாவை விட விலை இறங்கி நிற்பது உண்டு. ஆனால் ஜனவரி 1 அன்று பல கடைகள் திறக்காது. பேத்திக்கு வேண்டியதை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் சனிக்கிழமை இரவுதான் விலை உச்சம், ஞாயிறு இரவு இறங்கும். தைவானிலும் சனி அப்படித்தான். பயணத்தை ஒரு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால், அதே ரூம் வேறு விலையில் இருக்கும்.

ஐந்து இரவு கேட்டு "ரூம் இல்லை" என்று வந்தால் நம்பாதே. நடுவில் ஒரு இரவு நிரம்பியிருந்தாலும் அப்படித்தான் காட்டும். இரண்டு இரவு, மூன்று இரவு என்று பிரித்துத் தேடு. 31ஆம் தேதியை மட்டும் வேறு பகுதியில் வைத்துக்கொண்டால் மற்ற நான்கு நாளும் மலிவாகிவிடும். சில இடங்களில் 24க்கும் 31க்கும் விருந்துச் சாப்பாட்டைக் கட்டாயமாகச் சேர்த்துவிடுவார்கள். தாய்லாந்து, வியட்நாம் கடற்கரை விடுதிகளில் இது அதிகம், நகரத்திலும் இல்லாமல் இல்லை. நிபந்தனைப் பகுதியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படி.

ஊருக்கு நடுவில்தான் தங்க வேண்டும் என்பதில்லை, ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கினால் போதும். ஹாங்காங்கில் சிம் சா சுய் நிரம்பியிருந்தால் அதே சிவப்பு மெட்ரோ பாதையின் கடைசியில் இருக்கும் சுன் வானைப் பார், நேர் ரயில். பாங்காக்கில் சியாம் பக்கத்தை விட்டு ஓன் நுட்டுக்கு வா, பி.டி.எஸ். ரயிலில் சுமார் 20 நிமிடம்தான். டோக்கியோவுக்குக் கமாட்டா அல்லது கவாசாகி. கியோட்டோ விலை தாங்காவிட்டால் ஓட்சு. ரயிலில் பத்து நிமிடம்தான், பலருக்கு அது தோன்றுவதே இல்லை. வரைபடத்தில் ஹோட்டல் ஸ்டேஷனை ஒட்டி இருப்பதுபோல் தெரிந்தாலும் நடக்கும் வழியைப் போட்டுப் பார். பாங்காக்கில் சோய் என்று சொல்லும் சந்துகள் நீளமானவை, பெட்டியும் குழந்தையுமாக ஒரு கிலோமீட்டர் சந்துக்குள் நடப்பது சிரமம். டோக்கியோவிலும் பாங்காக்கிலும் ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். விமானம் இரவு பதினொன்றுக்கு இறங்கினால் டாக்ஸிச் செலவையும் வாடகையோடு கூட்டிப் பார்.

சிங்கப்பூர் விலைக்குப் பயந்து எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூர் பாருவில் தங்கலாமா என்று மருமகள் கேட்டாளாம். டிசம்பரில் வேண்டாம். பள்ளி விடுமுறையில் உட்லண்ட்ஸ் பாலத்தைக் கடக்க மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும், இரண்டு பக்கமும் பாஸ்போர்ட் சோதனை, ஒவ்வொரு முறை நுழையும்போதும் வருகை அட்டை நிரப்பும் வேலை. மிச்சப்படுத்தும் காசு பேத்தியின் தூக்கத்தில் போகும். சிங்கப்பூரிலேயே லாவண்டர், ஜாலான் புசார், லிட்டில் இந்தியா பக்கம் தேடு. கேலாங் இன்னும் மலிவு, ஆனால் அங்கே சில லோரோங்குகள், அதாவது சந்துகள், சிவப்பு விளக்குப் பகுதி, மணிக்கணக்கில் ரூம் விடும் இடங்களும் உண்டு. குழந்தையோடு அது வேண்டாம்.

பட்டியலில் தெரியும் விலை கடைசி விலை அல்ல. எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சர்வீஸ் சார்ஜும் வரியும் தனி என்று அர்த்தம். சிங்கப்பூரில் 10 சதவீதம் சர்வீஸ், அதன்மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி. 200 டாலர் ரூம் 239.80 ஆகிவிடும். தாய்லாந்தில் 10, அதன்மேல் 7. இவை இல்லாமல் அங்கே போய்க் கட்டும் வரி வேறு. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ரூமுக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட். ஹாங்காங்கில் 2025 ஜனவரியிலிருந்து 3 சதவீதம். கியோட்டோவில் 2026 மார்ச்சிலிருந்து தலைக்கு ஒரு இரவு வாடகை 6,000 யென்னிலிருந்து 20,000க்குள் இருந்தால், தலைக்கு ஒரு இரவுக்கு 400 யென். தளத்துக்குத் தளம் ஒப்பிடும்போது பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய் அந்தத் தொகையை எழுதி வை. பிறகு ஹோட்டலின் சொந்தத் தளத்தையும் பார், ஒரு மின்னஞ்சலும் போட்டுக் கேள். சிறிய ஹோட்டல்கள் தரகுக் கமிஷன் மிச்சம் என்பதால் காலை உணவையாவது சேர்த்துத் தருவது உண்டு. அட்டையைத் தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த நாட்டுப் பணத்திலா" என்று மெஷின் கேட்கும். அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடு, மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் உனக்கு நஷ்டம்.

தேடும்போதே பேத்தியையும் அவள் வயதையும் சேர்த்துப் போடு. இரண்டு பேர் என்று போட்டு மலிவாக எடுத்துவிட்டு மூன்று பேராகப் போய் நின்றால், கூடுதல் கட்டணம் கேட்பார்கள் அல்லது ரூமே தர மறுப்பார்கள். ரூமின் சதுர மீட்டர் கணக்கைப் பார்க்காமல் எடுக்காதே. ஜப்பான் பிசினஸ் ஹோட்டலில் 11, 12 சதுர மீட்டர் சாதாரணம், பெட்டியைத் திறந்து வைக்கக்கூட இடம் இருக்காது. அங்கே 'செமி டபுள்' என்றால் கட்டில் அகலம் சுமார் 120 சென்டிமீட்டர்தான், இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் படுக்க முடியாது. 'ட்வின்' என்றால் இரண்டு தனிக் கட்டில், உங்களுக்கு அதுதான் சரி. பள்ளிக்குப் போகும் வயதுக் குழந்தை பெற்றோர் கட்டிலில் இலவசமாகப் படுக்கலாமா என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், எழுதிக் கேட்டு பதிலை வைத்துக்கொள். சிங்கப்பூர், ஹாங்காங், கோலாலம்பூரில் சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் பெரும்பாலும் ஜன்னல் இல்லாத ரூம். இரவு மட்டும் வந்து தூங்கப் போகிறவர்களுக்கு அது குறையில்லை. ஈர வாடை மட்டும் இருக்கிறதா என்று விமர்சனங்களில் தேடு. கடைசி மூன்று மாத விமர்சனங்களை மட்டும், குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்களிலிருந்து தொடங்கிப் படி.

வீடாக எடுத்தால் மலிவு என்று யாராவது சொன்னால், சட்டத்தையும் பார். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. ஹாங்காங்கில் 28 நாளுக்குக் குறைவாக விட உரிமம் வேண்டும். ஜப்பானில் பதிவு எண் இருக்க வேண்டும், பதிவு செய்த வீட்டையும் ஆண்டுக்கு 180 நாள்தான் விடலாம். உரிம எண் இல்லாத இடம் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடு. பண்டிகை நாளில் கதவடைத்துவிட்டால் மாற்று ரூமுக்கு எங்கே போவாய்?

விமானம் 27ஆம் தேதி அதிகாலை ஒன்றரைக்கு இறங்கினால் 26ஆம் தேதி இரவுக்குத்தான் ரூம் வேண்டும். தேதியைத் தவறாகப் போட்டு மதியம் மூன்று மணி வரை வரவேற்பறைச் சோபாவில் கிடப்பவர்கள் ஏராளம். தாமதமாக வருவோம் என்று ஹோட்டலுக்கு எழுதிவிடு. நள்ளிரவு தாண்டியும் ஆள் வராவிட்டால் முழு புக்கிங்கையும் அடித்துவிடும் இடங்கள் உண்டு. டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டைக் கொடு. டெபிட் கார்டில் பிடித்தால் பணம் திரும்ப வர வாரங்கள் ஆகலாம். புக்கிங் முடிந்தபின், "கார்டை உறுதிப்படுத்தாவிட்டால் ரத்தாகிவிடும்" என்று லிங்க் வந்தால், ஹோட்டல் பெயரிலேயே வந்தாலும் தொடாதே. ஹோட்டலின் கணக்கைத் திருடி அனுப்பும் மோசடி அது. ஹோட்டலின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேள்.

மூன்று ஊரிலும் ரூம் போட்டதும் உறுதிக் கடிதங்களை எனக்கு அனுப்பு. கேன்சல் கெடுக்களை நானும் காலண்டரில் குறித்து வைத்து ஞாபகப்படுத்துகிறேன். பேத்திக்கு என் முத்தம்.

அன்புடன்,
அம்மா